பால் பம்ப்புக்கு ஒரு பக்க எக்ரிமென்ட்

இலங்கைல ஹட்டன் பக்கம் தாய்ப்பால் எடுக்கிற பம்ப் வாடகைக்குக் குடுக்கிறேன், கையில மொத்தமே ரெண்டுதான். ரெண்டும் பல தாய்மார் மாறி மாறி பாவிக்கன்னே செஞ்ச வகை, மோட்டாருக்குள்ள பால் போகாம நடுவுல தடுப்பு இருக்கும். கடையில விக்கிற ஒராள் பம்ப்ப அக்கா தங்கச்சிக்குள்ளகூட மாத்திக்காதீங்க, அதுல பல வகைக்கு அந்தத் தடுப்பே கெடையாது, உள்ள பால் போனா கழுவவும் வழியில்ல.

மொதல்ல நெட்ல எடுத்த மூணு பக்க இங்கிலீஷ் எக்ரிமென்ட்லதான் கையெழுத்து வாங்கிட்டிருந்தேன். ஒரு தம்பி டிக்கோயா பக்கமிருந்து சம்சாரத்துக்காக வந்தாரு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நின்னபடியே சைன் வச்சிட்டு பம்ப்ப தூக்கிட்டுப் போனாரு. அஞ்சு வாரம் கழிச்சு திரும்பி வந்த பைய பிரிச்சா ட்யூப்குள்ள தண்ணி முத்து முத்தா நிக்கிது, நடுவுல மொளகுத்தூள் தூவினாப்ல கருப்புப் புள்ளி, பூஞ்சணம். மோட்டார் வரைக்கும் ஈரம் எறங்கிருந்துச்சு. போன்ல கேட்டா அவரு சம்சாரம், அந்தத் தங்கச்சி, "புள்ளைக்கு கிருமி போகக்கூடாதுன்னு தெனம் எல்லாத்தையும் அவிச்சேங்கக்கா, ட்யூபையுந்தான்"ங்குது. பால் படாத வரைக்கும் ட்யூப கழுவவே தேவல்ல, அவிக்க வேண்டியது பால் படுற புனலும் வால்வும் போத்தலும் மட்டுந்தான், உள்ள ஈரம் தெரிஞ்சா ட்யூப மட்டும் மாட்டி கொஞ்ச நேரம் மோட்டார ஓட விட்டா காஞ்சிரும். இதெல்லாம் என் பேப்பர்ல ரெண்டாம் பக்கத்துல இருந்துச்சு, ஆனா அந்தப் பேப்பர் அவ கைக்குப் போகவே இல்லயே. டிபொசிட்ல ஒரு ரூபாகூட புடிக்க மனசு வரல எனக்கு.

அன்னைக்கு ராவே உக்காந்து தமிழ்ல ஒரே பக்கத்துல எழுதினேன். காணி, வீடு மாதிரி இதுக்கு நொத்தாரிஸ்கிட்ட போகத் தேவல்ல, ரெண்டு பேர் கையெழுத்து, அடையாள அட்டை நம்பர், பம்ப்போட சீரியல் நம்பர், வாரத்துக்கு எவ்வளவு, டிபொசிட் எவ்வளவு, போதும். பைக்குள்ள என்னென்ன இருக்குன்னு ஒண்ணொண்ணா எழுதி, ரெண்டு பேரும் தொட்டுப் பாத்து டிக் போடணும். புனல், வால்வ், ட்யூப் எல்லாம் புதுசா அவுங்களுக்கே சொந்தம், அத நான் திருப்பி வாங்க மாட்டேன்னும் எழுதிருக்கேன், ஏன்னா பம்ப் மட்டுந்தான் பொது. தோட்டத்து லய வீடுகள்ல கரண்ட் ஏறி எறங்கி மோட்டார் போனா அது அவுங்க தப்பு இல்ல, அந்தச் செலவு எனக்கு. கீழ விழுந்து ஒடஞ்சா பாதி பாதி.

கையெழுத்து யாரோடதுன்னு கேட்டா, கட்டாயம் அம்மாவோடது. கணவர் வேணும்னா சாட்சிக்குப் போடட்டும். அவளால வர முடியாட்டி போன்ல முழுசா வாசிச்சுக் காட்டிட்டுத்தான் பம்ப் கைமாறும்.

மாமியாருங்களும் பாக்கட்டும்னு பின் பக்கத்துல பால் வைக்கிற கணக்கு: எடுத்த பால் வெளிய 25 டிகிரி வரைக்கும் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜ்ல 4 நாள். நம்ம ஊர் குளிர்தானேன்னு காலைல பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல பேர் குடுக்க, போகுமுன்ன எடுத்தத பின்னேரம் வரைக்கும் அடுப்பங்கரைல வைக்கிறாங்க, அது வேணாம். 84 நாள் பிரசவ லீவு முடிஞ்சு வேலைக்குப் போறவங்களுக்கு, புள்ளைக்கு ஒரு வயசு ஆகிற வரைக்கும் வேலை நேரத்துல ரெண்டு தடவ பால் குடுக்க நேரம் சட்டத்துல இருக்குன்னும் அங்கயே எழுதிட்டேன். புள்ள காம்பரா, அதான் வேலை நேரத்துல புள்ளைங்கள பாத்துக்கிற எடம், இருந்தா தடவைக்கு அரை மணி, இல்லாட்டி ஒரு மணி. இது எக்ரிமென்ட்டுக்குத் தேவையான்னு ஒருத்தவுங்க கேட்டாங்க. தேவதான், வேற எங்க வாசிப்பாங்க?

கடைசி வரி இது: "எப்ப வேணும்னாலும் திருப்பிக் குடுக்கலாம், மிச்ச வாரத்துக் காசு திரும்பக் கெடைக்கும், காரணம் கேக்க மாட்டேன்." முந்தி ஒரு மாசம் கட்டாயம்னு வச்சிருந்தேன். கொற மாசத்துல பொறந்த புள்ளைய ஆஸ்பத்திரில விட்டுட்டு வர்றவுங்கள பாத்தப்புறம்தான் அத எடுத்தேன். போன வாரம் வந்த ஒரு தங்கச்சி இந்த வரிய ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "அப்ப முடியிற தேதிய எழுதாம விடுங்கக்கா"ன்னா. விட்டுட்டேன்.