ஸ்டோன்ஹெஞ்சில் எனக்குப் பிடித்தது டிக்கெட் இல்லாத கல்

சால்ஸ்பரி ரயில் நிலைய வாசலில் டாக்ஸிக்காரர் கேட்ட தொகை, லண்டனிலிருந்து நான் வந்த ரயில் டிக்கெட்டைவிட அதிகம். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டம் வரை, சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்கு! சரி என்று சுற்றுலாப் பேருந்தில் ஏறினால் மேல்தள ஜன்னல் மூடவே இல்லை, காற்று அடித்து வழி முழுக்கக் காது வலி. அதற்கு மேல் நுழைவுக் கட்டணம் வேறு. பெரிய கற்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருந்தன, விடுங்கள்.

பார்வையாளர் மையத்தின் பக்கத்தில் ஒரு கல் சிலுவை நிற்கிறது. அதைப் பார்க்கக் காசு கிடையாது, அதனாலோ என்னவோ யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருவர் அதன் அடியில் பையை இறக்கிவைத்து, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். கிட்டே போய்ப் படித்தேன். கேப்டன் லொரேன், ஸ்டாஃப் சார்ஜென்ட் வில்சன், 1912 ஜூலை 5, பணியில் பறக்கும்போது இந்த இடத்துக்கு அருகே விபத்தில் இறந்தார்கள், தோழர்கள் எழுப்பியது. அவ்வளவுதான் வாசகம்.

ராயல் ஃப்ளையிங் கோர் என்ற பிரிட்டிஷ் விமானப் படை அந்த ஏப்ரலில்தான் உருவாகியிருந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதன் முதல் சாவு இவர்கள்தான். காலையிலேயே ஒரு நியூபோர்ட் மோனோபிளேனில், அதாவது ஒரே அடுக்கு இறக்கை கொண்ட விமானத்தில், கிளம்பி, கூர்மையாகத் திரும்பும்போது கட்டுப்பாடு போய் விழுந்துவிட்டது. வில்சன் அங்கேயே இறந்துவிட்டார், லொரேன் மருத்துவமனையில். அன்று மாலையும் வழக்கம்போல் பறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள்! இதை வீரம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள், எனக்கென்னவோ கொஞ்சம் கல்நெஞ்சமாகத்தான் படுகிறது. அந்த செப்டம்பரில் மேலும் சில விபத்துகள் நடந்த பிறகுதான் ராணுவம் மோனோபிளேன்களுக்கே தடை போட்டது.

சிலுவை முதலில் பக்கத்துச் சாலைச் சந்திப்பில் இருந்தது, பார்வையாளர் மையம் கட்டியபோது இங்கே மாற்றிவிட்டார்கள்.

அப்புறம் கற்களைத் தாண்டி வடக்கே லார்க்ஹில் என்ற ராணுவக் குடியிருப்பு வரை நடந்தேன், இதற்கும் காசில்லை. 1910இல் பிரிஸ்டல் கம்பெனி கட்டிய விமானக் கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன, வெளியிலிருந்து பார்க்கலாம். என்னை உலுக்கியது வேறு ஒன்று. லொரேன் இறந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஆகஸ்ட் 25 அன்று, இதே லார்க்ஹில்லில் வில்ஃப்ரட் பார்க் என்ற விமானி ஓட்டிய ஆவ்ரோ விமானம் சுழன்றுகொண்டே விழ ஆரம்பித்திருக்கிறது. அப்படிச் சுழன்று விழுந்தால் எப்படி மீள்வது என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. எதையெதையோ செய்து பார்த்துவிட்டு, கடைசி நொடியில் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் திருப்பினார், தரையைத் தொடுவதற்குச் சற்று முன் விமானம் நேரானது. இன்றும் விமானிகளுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த மனிதரும் அதே ஆண்டு டிசம்பரில் ஒரு மோனோபிளேனில் விழுந்து இறந்துவிட்டார்.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பொதுப் பாதையில் நடந்து போனால் வேலிக்கு வெளியே நின்று பெரிய கற்களையும் இலவசமாகப் பார்க்கலாம், மிச்சமாகும் பணத்தில் சால்ஸ்பரியில் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். நடக்கும் வழியில் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.