டம்ளரில் வரும் அந்தப் பழுப்புக் கலர்

அவிநாசிப் பக்கம் இப்போது ஆர்ஓ மெஷின் விற்கிறவர்கள் தெருத்தெருவாக வருகிறார்கள். வந்ததும் ரெண்டு டம்ளர் கேட்பார்கள். ஒன்றில் நம் வீட்டு போர் தண்ணி, இன்னொன்றில் அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணி. கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியை ரெண்டிலும் முக்கி பிளக்கில் சொருகினால், கொஞ்ச நேரத்தில் நம் டம்ளர் துருப்பிடித்த வாளியைக் கழுவிய தண்ணி மாதிரி பழுப்பாகி மேலே அழுக்கு நுரை கட்டும். அவர்களுடையது அப்படியே இருக்கும். "பாருங்கக்கா, இதைத்தான் கொழந்தைகளுக்குக் குடுக்கறீங்க." எங்கள் சித்தி அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு வீட்டுத் தண்ணியையே தொடவில்லை.

அந்த அழுக்கு தண்ணியிலிருந்து வருவதே இல்லைங்க. கம்பி இரும்பு. உப்பு கரைந்த தண்ணியில் கரண்ட் நன்றாகப் பாயும், பாயும்போது இரும்பு அரித்துத் துருவாகக் கரையும். ஆர்ஓ தண்ணியில் உப்பு குறைவு, கரண்ட் பாயாது, அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் அவர்கள் டம்ளரில் ஒரு சிட்டிகை தூள் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை முக்கச் சொல்லுங்கள். சித்தி பையன் போட்டான். அதுவும் பழுப்பானது. "சரிங்கக்கா, யோசிச்சுச் சொல்லுங்க" என்று வந்தவர் பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

இதனால் ஆர்ஓவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. எந்தத் தண்ணியைக் குடிக்கிறோம் என்பதுதான் கேள்வி. சிறுவாணி, பவானி ஆத்துத் தண்ணியில் பொதுவாக உப்பு குறைவு. குடிநீருக்கான இந்தியத் தரப்படி டிடிஎஸ், அதாவது தண்ணியில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடைசெய்ய விதி கொண்டுவரச் சொல்லி 2019-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. ஆத்துத் தண்ணியில் பயப்பட வேண்டியது கிருமிக்கு. அதுவும் எப்போதாவது விடும் தண்ணியை நாம் தொட்டியில் நாள்கணக்கில் தேக்கி வைப்பதால். வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும், இல்லையென்றால் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யூவி பில்டர்.

போர் தண்ணி கதை வேறு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் ப்ளோரைடும் நைட்ரேட்டும் எங்கேயும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். உரம் போடும் தோட்டத்தை ஒட்டிய கிணறு என்றால் நைட்ரேட்டை அவசியம் பாருங்கள், லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணியில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கவே கூடாது. நொய்யல் ஆத்துக் கரைக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். திருப்பூர் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதையும், 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்தவர்கள்தானே.

கையில் வைத்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் உப்பு எவ்வளவு என்றுதான் காட்டும், என்ன உப்பு என்று காட்டாது, கிருமியைக் காட்டவே காட்டாது. மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் சோதித்துக் கொடுப்பார்கள். மெஷின் வாங்குவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள். அப்புறம், ஆர்ஓ கழித்துவிடும் தண்ணியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.