கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலடியில்

தேனியிலிருந்து குமுளி செல்லும் சாலையில் உத்தமபாளையத்தைத் தாண்டியதும், நெல் வயல்களுக்கும் வாழைத் தோப்புகளுக்கும் இடையே திராட்சைப் பந்தல்கள் தென்படத் தொடங்குகின்றன. 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் நீர்தான் இந்தப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 14,700 ஏக்கரில் இருபோக நெல் விளையக் காரணம். வாய்க்காலில் ஓடும் அந்த நீர் ஊறித்தான் தோட்டத்துக் கிணறுகளும் வற்றாமல் நிற்கின்றன என்று இங்குள்ள விவசாயிகள் நன்றியோடு சொல்கிறார்கள்.

சுருளிப்பட்டி அருகே ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. கல்தூண்களின் மேல் கம்பி இழுத்துக் கட்டிய பந்தலுக்குள் நுழைந்தபோது, வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஈரமண்ணின் குளிர்ச்சி இருந்தது. கருநீலக் கொத்துகள் தலைக்கு மேலே தொங்க, பெண்கள் ஒரு கையால் காம்பைப் பிடித்து, கத்தரியால் வெட்டி, வெடித்த பழங்களையும் அழுகிய பழங்களையும் ஒவ்வொன்றாக நறுக்கி நீக்கிய பிறகே கொத்தைக் கூடையில் வைத்தார்கள். நான் ஒரு கொத்தை ஏந்திப் பார்க்கக் கை நீட்டியதும், "காம்பைப் பிடிங்க தம்பி, பழத்தைத் தொட்டா சாம்பல் போயிரும்" என்றார் தோட்டக்காரர். பழத்தின் மேல் படிந்திருக்கும் அந்த வெண்சாம்பல் கலையாமல் இருந்தால்தான் வியாபாரி நல்ல விலை கேட்பாராம்.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பன்னீர் திராட்சை, கவாத்து வெட்டியதிலிருந்து, அதாவது கொடியின் கிளைகளைக் கழித்துவிட்டதிலிருந்து, ஏறக்குறைய நான்கு மாதங்களில் பறிப்புக்கு வந்துவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து வெட்டும் மாதம் வேறுபடுவதால், ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். நகரத்தில் இதைப் புளிப்பென்று ஒதுக்குபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு: இந்தப் பழத்துக்கு முதலில் நிறம் ஏறும், இனிப்பு பிறகுதான் ஏறும். நிறம் கண்டதும் பறித்து லாரி ஏற்றிய பழத்தைத் தின்றுவிட்டு அதன் சுவையைத் தீர்மானிப்பது நியாயமாகாது. கொடியிலேயே முழுதாகப் பழுத்ததை வாயிலிட்டு அழுத்தினால், தோலிலிருந்து சதை வழுக்கி வந்து, பன்னீர் மணம் மூக்குவரை ஏறுகிறது. விதை இருப்பது எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை.

மதியச் சாப்பாடும் தோட்டத்திலேயே அமைந்தது. வரப்போரச் செடியில் அப்போதுதான் பறித்த கத்தரிக்காயோடு மொச்சை சேர்த்து வைத்த புளிக்குழம்பும், முருங்கைக்கீரைப் பொரியலும், சுடுசோறும் பரிமாறினார் தோட்டக்காரரின் மனைவி. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க தம்பி" என்று அவர் சொல்லும்போதெல்லாம் மறுக்க முடியவில்லை. கத்தரிக்காய் காம்புவரை குழம்பை உறிஞ்சி, உருக்குலையாமல், நாக்கில் பட்டதும் கரைந்தது. கடைசியில் சின்னமனூர் வெற்றிலை வந்தது.

மழைக்காலத்தில் பழம் வெடித்துவிடுவதால், மழையில்லாத நாட்களில் செல்வதே நல்லது. சாலையோரக் கடைகளிலும் பழம் கிடைக்கிறது. ஆனால் தோட்டத்தில் கேட்டு வாங்கினால் அன்று பறித்ததே கையில் வரும், பணமும் நேராக விவசாயிக்குப் போய்ச் சேரும். இது காம்பிலிருந்து விரைவில் உதிரும் பழம் என்பதால், அகலமான பெட்டியில் காகிதம் விரித்து ஒரே அடுக்காக வைத்து, ஓரிரு நாளில் தின்றுவிட வேண்டும்.