பழைய இன்வெர்ட்டரோடு சோலார் சேர்க்கும்போது

2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் மின்வெட்டு வாட்டியபோது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. 800 அல்லது 900 விஏ இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி. அதோடு மொட்டை மாடியில் ஒரு பேனல், கீழே ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தி விடும் பெட்டி) என்று சேர்த்து மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். மாட்டிய பிறகு பார்த்தால் பில் அப்படியே வருகிறது. பேனல் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பெரும்பாலும் பேனல் நன்றாகத்தான் இருக்கும்.

பேட்டரியில் இடம் இல்லாததுதான் கோளாறு. சாதாரண இன்வெர்ட்டர் மெயின்ஸ் இருக்கும்வரை மெயின்ஸிலிருந்தே பேட்டரியை நிரப்பி வைத்துக்கொள்ளும், வீட்டு லோடையும் மெயின்ஸிலேயே ஓட்டும். காலையில் வெயில் ஏறும்போது பேட்டரி முழுதாக இருக்கிறது. கன்ட்ரோலர் அதைப் பார்த்து நிரம்பிய பேட்டரியை அப்படியே தக்கவைக்கும் ஃப்ளோட் நிலைக்குப் போய் ஒன்றிரண்டு ஆம்பியர் மட்டும் விடும். பேனல் தரக்கூடிய மீதி மின்சாரத்தை வாங்க ஆளில்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது பகலில் இன்வெர்ட்டருக்கு வரும் மெயின்ஸைத் துண்டிப்பது. காலை 9 மணிக்குத் துண்டித்து மாலை 4 மணிக்கு மீட்கும் டைமரும், அது இயக்கும் ஒரு கான்டாக்டரும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போதும். மெயின்ஸ் போனதும் இன்வெர்ட்டர் மின்வெட்டு என்று நினைத்து பேட்டரிக்கு மாறும், பேட்டரிக்குப் பேனல் ஊட்டும். மாலையில் மெயின்ஸ் திரும்பி மீதியை நிரப்பிவிடும், இரவு மின்வெட்டுக்கும் பேட்டரி தயாராக இருக்கும்.

டைமர் மட்டும் வைத்து விட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வெயிலே இருக்காது, டைமரோ கடமையாக மெயின்ஸைத் துண்டித்துவிடும். பேட்டரி அடிமட்டம் வரை இறங்கும். லெட் ஆசிட் பேட்டரி அரைகுறைச் சார்ஜில் நாள் கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுக் கொள்ளளவே போய்விடும். அதனால் பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மெயின்ஸை மீட்கும் வோல்டேஜ் ரிலே ஒன்றும் சேர வேண்டும். ஒருமுறை மீட்டால் அன்று முழுக்க அப்படியே நிற்கும்படி அதை அமைக்க வேண்டும், இல்லையென்றால் ரிலே மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு வேலையையும் உள்ளேயே செய்யும் சோலார் கன்வெர்ஷன் கருவிகள் தனியாகவே கிடைக்கின்றன. 230 வோல்ட் வயரிங்கில் பழக்கம் இல்லாதவர்கள் அதை வாங்கி எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்டுவதே நல்லது.

இனி அளவு. பகலில் மூன்று பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும்) ஃபேன் 90 வாட், டிவி 50, ரவுட்டர் 10 என்று 150 வாட் தொடர்ந்து ஓடினால் 7 மணி நேரத்துக்கு 1.05 யூனிட். 330 வாட் பேனல் ஒன்று, நாளுக்கு 5 மணி நேர முழு வெயில் என்று கணக்கிட்டு, சூடு, தூசி, கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் இழப்பெல்லாம் சேர்த்து 30 சதவீதம் கழித்தால் சுமார் 1.15 யூனிட் தரும். கணக்கு பொருந்துகிறது. ஆனால் அந்த மூன்றும் 75 வாட் பழைய ஃபேனாக இருந்தால் ஃபேனுக்கே 1.5 யூனிட்டுக்கு மேல் வேண்டும். பேனலுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள்.

பேனலில் எழுதியிருக்கும் 330 வாட் என்பது செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் ஊர் உச்சி வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும், 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். 260, 270 வாட் வந்தாலே நல்ல வரவு. பேனலுக்கு அடியில் காற்றோட்டத்துக்கு அரை அடியாவது இடைவெளி விடுங்கள்.

கன்ட்ரோலரில்தான் அதிகப் பணம் வீணாகிறது. 72 செல் கொண்ட 330 வாட் பேனல் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தரும். பிடபிள்யூஎம் என்னும் எளிய வகை கன்ட்ரோலர் அந்த 9 ஆம்பியரை அப்படியே பேட்டரிக்குள் விடுகிறது. 13 வோல்ட் பேட்டரியில் 9 ஆம்பியர் என்றால் 117 வாட்தான், மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. பிடபிள்யூஎம் வைத்தால் 36 செல் கொண்ட 12 வோல்ட் பேனல் வாங்க வேண்டும். பெரிய பேனலுக்கு, அதிக வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டித் தரும் எம்பிபிடி வகை கட்டாயம், ஒரு பேனலுக்கு 30 ஆம்பியர் அளவு போதும். பிடபிள்யூஎம் பெட்டியின் மேல் எம்பிபிடி என்று அச்சடித்து விற்பதும் உண்டு. நிஜமான எம்பிபிடிக்குள் கனமான காயில் இருக்கும், கையில் தூக்கினாலே எடை தெரியும்.

இரண்டு பேனலைத் தொடராக இணைப்பதானால் கன்ட்ரோலரின் உச்ச வோல்டேஜைப் பாருங்கள். ஒரு பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ் (எதிலும் இணைக்காதபோது காட்டுவது) 45 என்றால் இரண்டுக்கு 90. குளிரில் வோல்டேஜ் ஏறும். மதுரையில் 100 வோல்ட் கன்ட்ரோலர் தாங்கிவிடும், ஊட்டியில் உறைபனி விழும் அதிகாலையில் 97, 98 வரை போகும். அங்கே 150 வோல்ட் கன்ட்ரோலர்தான் சரி.

வயர்: பேனலிலிருந்து கன்ட்ரோலர் வரை 4 ஸ்கொயர் எம்எம் டிசி சோலார் வயர். 15 மீட்டர் தூரம் என்றால் போக வர 30 மீட்டர், 9 ஆம்பியரில் ஒன்றேகால் வோல்ட் இழப்பு. 37 வோல்ட்டில் அது பெரிதல்ல. இதே இழப்பு 12 வோல்ட் பக்கம் வந்தால் பேட்டரி நிரம்பவே நிரம்பாது. எனவே கன்ட்ரோலர் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும், இடையில் 10 ஸ்கொயர் எம்எம் வயர், நீளம் 2 மீட்டருக்குள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ்.

பேனல் பக்கம், வீட்டு மெயின்ஸுக்கான ஏசி (மாறுதிசை மின்சார) எம்சிபியை, அதாவது கோளாறு வந்தால் தானே விழும் சுவிட்சை, மாட்டவே கூடாது. ஏசி கரண்ட் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், அப்போது பொறி அணைந்துவிடும். டிசி பூஜ்யத்துக்கு வருவதே இல்லை, பொறி நீண்டு எம்சிபி உருகும். டிசி எம்சிபியிலும் பல வகைகளில் பிளஸ், மைனஸ் திசை உண்டு. திருப்பி மாட்டினால் உள்ளே இருக்கும் காந்தம் பொறியைத் தவறான பக்கம் தள்ளித் தீப்பிடிக்கும். பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரை அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள், கட்டிங் பிளேயர் வேண்டாம். தளர்ந்த கிரிம்ப் சூடேறி கருகும்.

இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பல கன்ட்ரோலர்கள் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைப் பேட்டரியை வைத்தே அறிகின்றன. ஒவ்வொரு முனையையும் மல்டிமீட்டரால் பிளஸ், மைனஸ் பார்த்த பிறகே செருகுங்கள்.

பேனல் தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்வு. அதற்கும் குறைத்தால் தூசியும் தண்ணீரும் கீழ் ஓரத்தில் தேங்கும். தண்ணீர்த் தொட்டி நிழலோ ஒரு தென்னை ஓலை நிழலோ ஒரு மூலையில் விழுந்தாலும் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடலாம். ஃபிரேமுக்குத் தனி எர்த் இழுங்கள். ஸ்டாண்டை கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள், செங்கல் அடுக்கி நிறுத்துவது 2016 வர்தா, 2018 கஜா மாதிரிப் புயலுக்கு நிற்காது.

இந்த அமைப்புக்கு மத்திய அரசின் வீட்டு மாடி சோலார் திட்டமான பிஎம் சூரிய கர் மானியம் கிடையாது, அது மின் வாரிய இணைப்போடு சேரும் சோலாருக்கு. அந்த வகையில் பேட்டரி இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது சோலாரும் நின்றுவிடும் என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். நாம் செய்வதில் இரண்டு மாதத்துக்கு 65 யூனிட் வரை மிஞ்சும். உபயோகம் 500 யூனிட்டை ஒட்டி இருக்கும் வீட்டுக்குத்தான் இது பணமாகத் தெரியும், தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடுகிறதல்லவா.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால் பேட்டரியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மேகமில்லாத மதியம் 12 மணிக்கு கன்ட்ரோலரைப் பாருங்கள். ஒரு 330 வாட் பேனலும் எம்பிபிடியும் என்றால் பேட்டரி பக்கம் 17 முதல் 20 ஆம்பியர் காட்ட வேண்டும். 3 ஆம்பியர்தான் காட்டுகிறது, பேட்டரியும் 13.7 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது என்றால் பேனலைக் கழற்ற ஓடாதீர்கள். மெயின்ஸ் உண்மையிலேயே துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று கான்டாக்டரைப் பாருங்கள்.