கப்பலில் ஏறும் வழியான கேங்வேயில் நிற்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்

அனைத்துலகக் கடலில் ஓடும் சரக்குக் கப்பலில் சாதாரணப் பணியாளாகச் சேரவும் பாதுகாப்பு விழிப்புணர்வுச் சான்றிதழ் கட்டாயம். மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான எஸ்டிசிடபிள்யூ என்ற அனைத்துலக விதிகளை 2010இல் மணிலாவில் திருத்தியபோது வந்தது இது. மலேசியாவில் பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து போர்ட் கிள்ளான் துறைமுகம் கூப்பிடு தூரம்தான். ஆனால் இதைத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குச் சொல்ல ஆளில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மருத்துவச் சோதனை. நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் டெக் வேலை கிடையாது, ஆகவே கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். என் கிளினிக்கில் பெயரில் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன் என்ற குறிப்பு) விட்டுப்போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஏஜெண்ட் வாங்க மறுத்துவிட்டார். மைகார்டு அடையாள அட்டை, பாஸ்போர்ட், சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம் உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி எல்லாம். கடத்தல், அத்துமீறல் பற்றிய பாதுகாப்பு வகுப்புதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எஸ்எஸ்ஏஎஸ் என்று ஒரு ரகசிய எச்சரிக்கைக் கருவி. கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜில் ஒரு பொத்தான், வேறோர் இடத்தில் குறைந்தது இன்னொன்று. அழுத்தினால் கப்பலில் மணி அடிக்காது, பக்கத்துக் கப்பலுக்கும் தெரியாது. எந்தக் கப்பல், எங்கே இருக்கிறது என்ற செய்தி மட்டும் கரைக்குப் போய்விடும். துப்பாக்கியோடு எதிரில் நிற்பவனுக்குத் தெரியாமல் உதவி கேட்க வேண்டுமே! ஏஐஎஸ் என்ற அடையாளம் காட்டும் கருவி இதற்கு நேர்மாறு. கப்பலின் பெயரையும் இடத்தையும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். அது ஆபத்தாகும் என்று கேப்டன் கருதினால் அணைத்து வைக்கலாம்.

2015 ஜூனில் மலாக்காவிலிருந்து குவாந்தான் போன ஓர்க்கிம் ஹார்மனி எண்ணெய்க் கப்பலைக் கடத்தியவர்கள், பெயரில் சில எழுத்துகளை அழித்து ‘கிம் ஹார்மன்’ ஆக்கினார்கள். குண்டடி பட்டது கப்பலின் சமையல்காரருக்கு. பாதுகாப்பு அதிகாரிகள் பாடு என்று யாரும் இருந்துவிட முடியாது.

பயிற்சியில் என்னைக் கேங்வேயில் நிறுத்தினார்கள். பயிற்றுநர் ஹெல்மெட்டும் மேல்சட்டையுமாக வந்து, “அவசரம், வழி விடு” என்று அதட்டினார். தோட்ட மேனேஜர் கார் வந்தால் ஒதுங்கி நின்றே வளர்ந்தவர்கள் நாம். தடுத்து அடையாள அட்டை கேட்க எனக்கு நாக்கு எழவே நேரமாயிற்று. கேட்டேன், அதிகாரிக்கு ரேடியோவில் சொன்னேன், பெயரைப் பதிவில் எழுதின பிறகே விட்டேன். கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான ஐஎஸ்பிஎஸ் என்ற அனைத்துலக விதித்தொகுப்பு 2004 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. யார் ஏறினாலும் சோதிக்க வேண்டும் என்று அது சொல்வதை நடத்திக் காட்டுவது அங்கே நிற்கும் கடைநிலை ஆள்தான். எத்தனை கருவி வைத்தாலும் அவன் பயந்து ஒதுங்கினால் வழி திறந்துவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கப்பலில் நிஜமாகவே அந்தக் காவல் பொறுப்பைத் தர, விழிப்புணர்வுச் சான்றிதழ் மட்டும் போதாது. குறிப்பிட்ட பாதுகாப்புக் கடமைகளுக்கென்று தனிச் சான்றிதழ் உண்டு. முடிந்தால் இரண்டையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.