மகளை வேதப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம்: நாட்குறிப்பிலிருந்து

15 பெப்ரவரி 2023, புதன்

மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஓகஸ்டிலிருந்து அனுப்பலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் முதலாவதாகக் கேட்டிருந்த நகரசபை முன்பள்ளி அல்ல. எங்கள் தெருமுனையில் இருக்கும் கத்தோலிக்கப் பங்கின் முன்பள்ளி. கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்னும் ஊர் வழக்கில் சொன்னால், வேதப் பள்ளிக்கூடம். நகரசபையினதுதான் வேண்டும் என்றால் காத்திருக்க வேண்டும். கிடைத்தாலும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

ஜேர்மனியில் மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்பள்ளி இடம் சட்டப்படியான உரிமை. 2013 ஓகஸ்டிலிருந்து ஒரு வயது நிறைந்த பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் விரும்பிய இடமே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஹம் நகரத்தைச் சுற்றியுள்ள இந்தப் பகுதியில் முன்பள்ளிகளில் கணிசமானவற்றைக் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து சபைகள்தான் நடத்துகின்றன. பெயர் சபையினது என்றாலும் செலவில் பெரும்பகுதி பொதுப்பணம். மதத்தைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. இதையெல்லாம் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"சட்டம் சரி. காலையில் சிலுவைக்கு முன்னால் கைகூப்பிவிட்டு, மாலையில் முருகன் படத்துக்கு முன்னால் நிற்கச் சொன்னால் மூன்று வயதுப் பிள்ளை என்ன விளங்கிக்கொள்ளும்? அதை நீர் சொல்லும்" என்றார்.

நியாயமான கேள்வி. 'சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், பாட்டும் விளையாட்டும்தானே' என்று தெரிந்தவர்கள் சொல்லும் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வயதில் காதில் விழுவதுதான் ஆயுள் முழுவதும் கூட வருகிறது. என் வாயில் வரும் தேவாரமெல்லாம் பள்ளிக்குப் போகும் முன்பே அம்மாவின் மடியில் கேட்டவை.

3 மார்ச், வெள்ளி

முன்பள்ளிப் பொறுப்பாளரைச் சந்தித்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. சுற்றி வளைக்காமல், "எங்கள் பிள்ளையை என்னென்னவற்றில் சேர்ப்பீர்கள்?" என்று கேட்டேன். அவரும் ஒளிக்காமல் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு முன் சிறு செபம் உண்டு. வாரத்தில் ஒரு நாள் விவிலியக் கதை. அறுவடை நன்றி, புனித மார்ட்டின், நத்தார், உயிர்த்த ஞாயிறு என்று ஆண்டில் சில தடவை பக்கத்துத் தேவாலயத்துக்கு அழைத்துப் போவார்கள். கைகூப்பு, சிலுவை அடையாளம் போடு என்று எந்தப் பிள்ளையையும் வற்புறுத்த மாட்டார்கள். பேசாமல் கூட இருந்தால் போதும்.

"நாங்கள் கிறிஸ்தவ முன்பள்ளிதான். அதை மறைத்து உங்களைச் சேர்க்க விரும்பவில்லை" என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. 'இங்கே மதமே இல்லை' என்று சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நேரம் போனது. முஸ்லிம் பிள்ளைகள் பலர் படிப்பதால் பன்றி இறைச்சியை விட்டுவிட்டார்களாம். அதற்குப் பதிலாகக் கொடுப்பது பெரும்பாலும் மாட்டிறைச்சி! எங்களுக்கு அதுதான் ஆகாது என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கடைசியில் மரக்கறிச் சாப்பாடு என்று எழுதிக்கொண்டார். ஜெலட்டின் கலந்த இனிப்புகளும் வேண்டாம் என்று முஸ்லிம் பெற்றோர் முன்பே சொல்லி வைத்திருப்பதால் அதற்குத் தனியாக வாதாட வேண்டியிருக்கவில்லை.

5 மார்ச், ஞாயிறு

இன்று வீட்டில் வாதம். அம்மாதான் தொடக்கி வைத்தார்.

"தம்பி, நான் படித்ததே வேதப் பள்ளிக்கூடத்தில்தான். கன்னியாஸ்திரிகள் படிப்பித்தார்கள். வேதக்காரப் பிள்ளைகள் செபம் சொல்ல, நாங்கள் பேசாமல் எழுந்து நிற்போம். நான் மாறிப் போனேனா?"

"மாறினவர்களும் இருக்கிறார்கள்தானே மாமி" என்றார் இவர்.

அதுவும் உண்மை. யாழ்ப்பாணத்தில் இந்தக் கதை 200 ஆண்டுப் பழையது. 1816 இல் அமெரிக்க மிஷன் வந்து இறங்கியது. வெஸ்லியன் சபையார் அதற்குச் சற்று முன்பே வந்துவிட்டார்கள். ஆங்கிலமும் அதைக்கொண்டு கிடைக்கும் உத்தியோகமும் அவர்களின் பள்ளிகளுக்குள் இருந்தன. சைவக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பவும் அஞ்சின, அனுப்பாமல் இருக்கவும் அஞ்சின.

அம்மா எப்போதும் ஆறுமுக நாவலரில்தான் வந்து நிற்பார். நாவலர் வெஸ்லியன் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர். அப்படி இருந்தும் அவருடைய நெற்றியில் நீறு குறையவில்லை. பிறகு 1848 இல் வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கென்று பாலபாடம் எழுதி அச்சிட்டார். மிஷன் பள்ளிகளின் ஒழுங்கு, வகுப்பு, அச்சுப் புத்தகம் எல்லாவற்றையும் உள்ளே இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டு, அதே கருவிகளால் சைவத்தைப் படிப்பித்தார். அனுப்பாதே என்று சத்தம் போட்டதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

"அப்படியென்றால் நாங்களும் வீட்டில் ஒரு வித்தியாசாலை நடத்த வேண்டும்" என்றார் இவர். எரிச்சலில் சொன்னார். நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். வெள்ளி மாலை விளக்கேற்றி ஒரு தேவாரம், ஒரு கதை. கதைக்கு அம்மா பொறுப்பு. பிள்ளைக்கு வயது வந்ததும் சனிக்கிழமைகளில் தமிழாலயம் என்னும் தமிழ்ப் பள்ளி. இந்த ஏற்பாட்டோடு சம்மதக் கடிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

14 ஓகஸ்ட், திங்கள்

பழக்கும் காலம் தொடங்கியது. ஆரம்ப நாட்களில் பெற்றோரில் ஒருவர் அறையிலேயே இருக்க வேண்டும். பிறகு சில நிமிடங்கள் மட்டும் வெளியே போய் வர வேண்டும். பிள்ளை அழுதால் ஆசிரியை தேற்றித் தேறுகிறதா என்று பார்த்துத்தான் நேரத்தைக் கூட்டுவார்கள். இங்கே எல்லா முன்பள்ளிகளிலும் ஏறக்குறைய இதே முறைதான். மகள் என்னைத் திரும்பியும் பார்க்காமல் மண் கிண்டப் போய்விட்டாள்.

19 செப்டெம்பர், செவ்வாய்

இரவுச் சாப்பாட்டில் சோற்றைப் பிசையப் போன என் கையை மகள் பிடித்துக்கொண்டாள். மறு கையால் அம்மம்மாவின் கையைப் பிடித்தாள். ஜேர்மன் மொழியில் நாலு வரி சொல்லி, 'ஆமென்' என்று முடித்துவிட்டு, "இப்போது சாப்பிடலாம்" என்று அனுமதி தந்தாள். இவர் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பிள்ளையைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒரு கணம் நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று அந்த முன்பள்ளி கற்றுக்கொடுத்திருக்கிறது. அது தப்பு என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் எங்கள் மேசையில் எங்கள் வார்த்தை இருக்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. 'அன்னம் பாலிக்கும் தில்லைச் சிற்றம்பலம்' என்று தொடங்கும் அப்பர் தேவாரத்தைப் பாடினார். ஊரில் சாப்பாட்டுக்கு முன் அவருடைய தகப்பனார் பாடுவாராம். நான் அந்த வீட்டில் பிறக்கவில்லை என்பதால் எனக்கு இது புதுச் செய்தி.

முன்பள்ளியில் அவர்களுடையது, வீட்டில் நம்முடையது என்று மகளிடம் சொன்னோம். "அங்கே இயேசு சாப்பாடு தருகிறார். இங்கே யார்?" என்று கேட்டாள். "சிவபெருமான்" என்றார் அம்மா. "சமைத்தது அப்பா" என்றாள் மகள். அதுவும் சரிதான், இன்று இவர்தான் சமைத்தார்.

24 ஒக்டோபர், செவ்வாய்

விஜயதசமி. மகளுக்கு ஏடு தொடக்கினோம். முன்பள்ளிக்கு விடுமுறைக் கடிதம் கொடுத்தபோது, காய்ச்சல் என்று எழுதாமல் உள்ளதை எழுதினேன். பள்ளிக்குப் போகும் முன் பிள்ளைக்கு முதல் எழுத்தை எழுதுவிக்கும் நாள் என்று விளக்கினேன்.

ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனோம். 2002 இல் குடமுழுக்குக் கண்ட கோயில். தொழிற்பேட்டையின் நடுவே 17 மீட்டர் கோபுரம் எழுந்து நிற்பதை நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் வியந்து பார்ப்பார்கள். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா எங்கும் இருந்து ஆயிரக்கணக்கில் சனம் வரும். இன்று அவ்வளவு கூட்டம் இல்லை. தட்டில் பரப்பிய பச்சரிசியில் ஐயர் மகளின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார். எழுதி முடித்ததும் அவள் அரிசியைக் கையால் சமன் செய்துவிட்டு, தானாகவே இன்னொரு தரம் கோணலாக எழுதினாள். ஐயர் தட்டை எடுக்காமல் பொறுத்திருந்தார்.

12 நவம்பர், ஞாயிறு

தீபாவளி. ஆனால் நேற்று முன்தினத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

வெள்ளி மாலை முன்பள்ளியின் மார்ட்டின் ஊர்வலம். இரண்டு வாரமாக மகள் கடதாசியில் நரி முகம் வெட்டி விளக்குக் கூடு செய்துகொண்டிருந்தாள். இருட்டியதும் பிள்ளைகள் எல்லோரும் கூடுகளைக் கோலில் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டு நடந்தார்கள். முன்னால் குதிரையில் சிவப்பு மேலாடை அணிந்த வீரன். மார்ட்டின் 4 ஆம் நூற்றாண்டில் ரோமப் படையில் இருந்தவர். பிரான்சின் அமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலாடையை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. பிற்காலத்தில் தூர் நகரத்தின் ஆயரானார். 397 நவம்பர் 11 இல் அவரை அடக்கம் செய்தார்கள். அதுவே அவருடைய திருநாள்.

வேறு மதத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சில இடங்களில் இந்த விழாவுக்கு 'விளக்கு விழா' என்று பொதுப்பெயர் வைப்பார்கள். பிறகு அதற்கு எதிராகப் பத்திரிகைகளில் சண்டை நடக்கும். என்னைக் கேட்டால் பெயரை மாற்றவே வேண்டாம். எனக்காக ஒருவர் தன் புனிதரை மறைத்து வைப்பதில் எனக்கு என்ன பெருமை? நான் கேட்பது, என் பிள்ளையின் தீபாவளியும் அதன் சொந்தப் பெயரோடு அந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்பதுதான். இருந்தது. மாத நாட்காட்டியில் 12 ஆம் திகதியில் ஆசிரியை ஒரு அகல் விளக்கை வரைந்து வைத்திருந்தார்.

ஊர்வலம் முடிந்ததும் மனித உருவில் சுட்ட ரொட்டி கொடுத்தார்கள். உலர்ந்த திராட்சைக் கண்கள், கையில் வெள்ளை மண் குழாய். அதைப் பாதியாகப் பிய்த்துப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்க வேண்டும். மகள் தகப்பனுக்குக் கால் பக்கத்தைக் கொடுத்தாள், தலையைத் தானே வைத்துக்கொண்டாள். வரவே மாட்டேன் என்றவர், கூட்டைச் சுமந்துகொண்டு ரொட்டிக் காலைத் தின்றபடி வீடு வந்தார்.

இன்று எண்ணெய் முழுக்கு, புதுச் சட்டை, கோயில் எல்லாம் முடிந்த பிறகு அம்மா பேகன் கதையைச் சொன்னார். தோகை விரித்த மயிலைப் பார்த்துக் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்த வள்ளல். மகள் கவனமாகக் கேட்டாள்.

"பாதியா?"

"முழுதும்."

"அப்போது அவருக்குக் குளிருமே?"

அம்மா பதில் தேடிக்கொண்டிருக்கையில், "மார்ட்டின் வந்து பாதி கொடுப்பார்" என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

20 டிசம்பர், புதன்

நத்தார் நாடகத்தில் மகள் ஆட்டுக்குட்டி. வசனம் இல்லை, இரண்டு இடத்தில் கத்த வேண்டும். நன்றாகக் கத்தினாள்.

ஒன்றுதான் பேச வேண்டியிருந்தது. வழிபாட்டின் முடிவில் பங்குத் தந்தை பிள்ளைகளின் நெற்றியில் விரலால் சிலுவை இட்டு ஆசீர்வதிப்பது வழக்கம். பாடட்டும், ஆடட்டும், கதை கேட்கட்டும். ஆனால் அந்த அடையாளம் அவர்களுடைய சமயத்துக்கு உரியவர்களுக்கானது, என் மகளுக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மகளுக்கும் இரண்டு சிரியப் பிள்ளைகளுக்கும் தலையில் கை வைத்து வாழ்த்தினார். வேண்டும், வேண்டாம் என்பதை நேரத்தோடு வாய் திறந்து சொன்னால் இங்கே அநேகமாகக் கேட்கிறார்கள். சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு வீட்டில் புழுங்கும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன்.

14 பெப்ரவரி 2024, புதன்

இன்று விபூதிப் புதன். அவர்களின் தவக்காலத்தின் முதல் நாள். சென்ற ஆண்டுக் குருத்து ஞாயிறில் ஆசீர்வதித்த கிளைகளை எரித்த சாம்பலால் நெற்றியில் சிலுவை இடுவார்கள். மனிதன் மண், மண்ணுக்கே திரும்புவான் என்பதை நினைவூட்டும் சடங்கு. சம்மதம் கேட்டு முன்பள்ளியிலிருந்து போன வாரமே கடிதம் வந்திருந்தது. வேண்டாம் என்று அடையாளமிட்டோம். கூட இருந்து பார்க்கலாம் என்பதற்குச் சம்மதித்தோம்.

காலையில் வழக்கம்போல் அம்மா மகளுக்குத் திருநீறு பூசி அனுப்பினார். தான் படித்த காலத்தில் சைவப் பிள்ளைகள் சிலர் பள்ளிப் படலையடியில் நீற்றை அழித்துவிட்டு உள்ளே போவார்கள் என்று அப்போதுதான் சொன்னார். யாரும் அழிக்கச் சொன்னதில்லையாம். பயத்தில் தாங்களாகவே அழிப்பார்களாம். அம்மா அழிப்பதில்லை, ஆனால் தலைமயிரை நெற்றியில் இழுத்து விட்டுக்கொள்வாராம்.

மாலையில் கூட்டிவரப் போனபோது ஆசிரியை என்னை நிறுத்தினார். எல்லோருக்கும் முன்பே இவளுக்கு மட்டும் எப்படிச் சாம்பல் கிடைத்தது என்று பிள்ளைகள் கேட்டார்களாம். "இது கோயில் சாம்பல், அம்மம்மா பூசியது, தினமும் உண்டு" என்று மகள் சொன்னாளாம். அதற்கு மேல் தனக்குச் சொல்லத் தெரியவில்லை, வீட்டிலிருந்து யாராவது வந்து பிள்ளைகளுக்கு விளக்க முடியுமா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அம்மா போகிறார். நான் மொழிபெயர்க்க வேண்டும். பசுவின் சாணத்தை எரித்துச் செய்வது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வதா கடைசியில் சொல்வதா என்று இவரும் அம்மாவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதலிலேயே சொன்னால்தான் கவனித்துக் கேட்பார்கள் என்பது இவருடைய கட்சி.