சி டிரைவைச் சுருக்கிய கதை

செப்டம்பர் 12, 2025, வெள்ளி

விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நான் போட்டிருக்கும் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு இன்றைக்கும் இடமில்லை என்று புலம்பியது. அதற்குக் கொடுத்திருப்பது 45 ஜிபி. அதே எஸ்எஸ்டியில் விண்டோஸின் சி டிரைவில் 240 ஜிபி சும்மா கிடக்கிறது. என் வேலையெல்லாம் உபுண்டுவில்தான். பழைய ஸ்கேனர் ஒன்றுக்காகத்தான் விண்டோஸை வைத்திருக்கிறேன். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்ட்டிஷன்களின் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளின்) வரிசையைப் பார்த்தேன்: முதலில் சின்னதாக இஎஃப்ஐ (கணினி தொடங்கத் தேவையான பகுதி), பிறகு சி, அதை ஒட்டி விண்டோஸ் ரெக்கவரி, கடைசியில் உபுண்டு. இந்த வரிசைதான் தலைவலி.

செப்டம்பர் 13, சனி

முதலில் பேக்கப். அடுத்து டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்தேன். சி டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருப்பதால் லினக்ஸின் பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டட்டால் அதைச் சுருக்க முடியாது, விண்டோஸேதான் செய்தாக வேண்டும்.

'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்தால் 18 ஜிபிதான் தருவேன் என்கிறது! காலி இடம் எவ்வளவு இருந்தாலும், நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் உட்கார்ந்துவிட்டால் அதற்கு இந்தப் பக்கம் விண்டோஸ் சுருக்காது. அது எந்தக் கோப்பு என்பதை ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளுக்குள் 259 என்ற எண்ணில் பார்க்கலாம். எனக்கு வந்தது சிஸ்டம் ரீஸ்டோர் சேமித்து வைத்த பழைய நகல். அந்த ரீஸ்டோரை அணைத்தேன். கூடவே பேஜ்ஃபைல் (மெமரி போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு), ஹைபர்னேஷன் (மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) இரண்டையும் நிறுத்தி ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது 160 ஜிபிக்குச் சம்மதம். நான் எடுத்தது 120. அந்தப் பெட்டியில் எம்பி கணக்கில்தான் எழுத வேண்டும், அதாவது 122880.

முடிந்ததும் பேஜ்ஃபைலையும் ரீஸ்டோரையும் திரும்பப் போட்டுவிட்டேன். ஹைபர்னேஷன் அணைந்தபடியே இருக்கட்டும். அதோடு விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்) வைத்திருப்பவர்களுக்கு அது போவதே நல்லது. அது இருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் டிரைவை முழுசாக மூடுவதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இடம் கிடைத்தது, ஆனால் உபுண்டுவுக்கு இடப்பக்கம். நடுவில் ரெக்கவரி வேறு. வலப்பக்கம் காலியாக இருந்தால் உபுண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்பு அமைப்பான எக்ஸ்ட்4-ஐ நீட்டிவிடலாம். இடப்பக்கம் என்றால் தொடக்கப் புள்ளியே மாறுகிறது. லைவ் யுஎஸ்பியில் (டிஸ்க்கைத் தொடாமல் உபுண்டுவை ஓட்டும் பென்டிரைவில்) பூட் செய்து, ரெக்கவரியை முன்னால் தள்ளி, பிறகு உபுண்டுவின் மொத்தத் தரவையும் இடம் மாற்றி எழுத வேண்டும். நடுவில் கரண்ட் போய் பேட்டரியும் கைவிட்டால் பழைய இடத்திலும் முழுசாக இருக்காது, புது இடத்திலும் இருக்காது. பந்தியில் ஓர் இலை காலியானதற்காகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை எழுப்பி நகர்த்துவானேன்? காலி இடத்திலேயே புது எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் போட்டு அதை ஹோம் (என் கோப்புகளெல்லாம் இருக்கும் ஃபோல்டர்) ஆக்கிவிடுவதாக முடிவு.

செப்டம்பர் 20, சனி

லைவ் யுஎஸ்பியிலிருந்து பூட். புது பார்ட்டிஷனுக்கு ஐந்தாம் எண் கிடைத்தது. டிஸ்க்கில் சி டிரைவுக்கும் ரெக்கவரிக்கும் நடுவில் ஐந்தாவது! பார்ட்டிஷன்களைக் குறித்து வைக்கும் ஜிபிடி அட்டவணையில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஹோமை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் உரிமை, அனுமதி மாறாமல் நகலெடுத்தேன். பழையதைப் பெயர் மாற்றி வைத்து, அதே இடத்தில் காலி ஹோம் ஃபோல்டர் ஒன்றை உருவாக்கினேன். எந்தப் பார்ட்டிஷன் எங்கே சேர வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், புது பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி போட்டு ஒரு வரி. ரீபூட் செய்ததும் டெஸ்க்டாப் அப்படியே வந்தது. உபுண்டு இருக்கும் ரூட் பார்ட்டிஷனை நகர்த்தாததால், எந்த இயங்குதளம் என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப்புக்கு நடந்தது எதுவும் தெரியாது.

செப்டம்பர் 21, ஞாயிறு

புது ஹோமில் ஆறு ஜிபி குறைவாகக் காட்டியது. எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (நிர்வாகிக்கென்று) ஒதுக்கி வைக்கும். ஹோமுக்கு அது எதற்கு? 1 சதவீதமாகக் குறைத்தேன். விண்டோஸையும் ஒரு தடவை பூட் செய்து பார்த்தாயிற்று. ஸ்கேனர் ஓடுகிறது, பிட்லாக்கர் எண்ணைக் கேட்கவில்லை. பழைய ஹோமை அடுத்த வாரம்தான் அழிப்பேன்.